ஓடையில் விட்ட தேர்வடம்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் ரப்பர் பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்த அதிகாரி, "இவ்வளவு சுத்தமான பூட்ஸை இந்த வாரம் நான் பார்க்கவில்லை" என்றார். பாராட்டா சந்தேகமா என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் கிளம்புவதற்கு முந்தைய நாள் அதன் அடிப்பள்ளங்களைப் பழைய டூத் பிரஷால் தேய்த்திருந்தேன். மண் கூடாது, விதை கூடாது, காய்ந்த இலை கூடாது என்று எனக்கு வந்த குறிப்பில் இருந்தது. குறிப்பில் இருப்பதை நான் செய்துவிடுவேன்.

அம்மா கட்டிக் கொடுத்தவற்றையும் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தேன். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, புளி, கொத்தமல்லி விதை. அதிகாரி எள்ளுருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொத்தமல்லி விதை மட்டும் குப்பைக்குப் போனது.

நான் நீரியல் பொறியாளர். மூன்று வருடங்களாக என் வேலை, அமெரிக்காவின் வடமேற்கு ஆறுகளில் சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களின் குஞ்சுகளுக்கு வீடு கட்டுவது. கட்டுவது அங்கே, வரைவது அவினாசி சாலையில் ஓர் ஏசி அறையில். அந்தக் குஞ்சுகளுக்கு என்ன வேண்டும் என்று எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வேன். நிழல், குளிர்ந்த தண்ணீர், வேகம் குறைந்த ஓரம், ஒளிந்துகொள்ள விழுந்து கிடக்கும் ஒரு மரம், கூழாங்கல் தரை. ஆனால் ஒரு சால்மனையும் உயிரோடு பார்த்ததில்லை. ஆக்லாந்து ஓடை ஒன்றின் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அதையும் திரையில்தான் வரைந்தேன். போன வருடம் கட்டி முடித்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க இப்போது என்னை அனுப்பியிருந்தார்கள். என் படம் ஒன்று கல்லாகவும் தண்ணீராகவும் இருப்பதை முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளியே சிவா அண்ணன் காத்திருந்தார். மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார். அவரும் மனைவி வசந்தி அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கிளென்ஃபீல்டில் அவர்கள் வீட்டு அறை ஒன்றில்தான் நான் தங்க ஏற்பாடு. ஓடையைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவில் இருவரும் இருக்கிறார்கள்.

"தங்கச்சி, நீங்கள்தானே அந்தப் பைப்புக்கு மீன் ஏணி கீறினது?"

"ஆமாங்கண்ணா."

"நாளைக்கு ஓடைக்குப் போய்ப் பாருங்கோ. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வைச்சிருக்கிறம்."

துறைமுகப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் பாய்மரப் படகுகள் அடுக்கி வைத்ததுபோல நின்றன. கோவையில் இரு சக்கர வாகனம் நிறுத்தும் இடம் ஞாபகம் வந்தது. அந்த நெருக்கம், அந்த ஒழுங்கின்மை, எல்லாம் வெள்ளை நிறத்தில்.

இரவு இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். புரட்டாசி என்பதால் நான் அசைவம் தொடவில்லை. அவர்களும் தொடவில்லை, அவர்களுக்கு அது புரட்டாதி. சொதி எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பைவிடத் தண்ணீர், மோரைவிடக் கெட்டி. மூன்றாவது முறை ஊற்றும்போது வசந்தி அக்கா, "வேண்டாம் எண்டு சொல்லாமல் சாப்பிடுற பிள்ளையை எனக்குப் பிடிக்கும்" என்றார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றேன். பேருந்து வந்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது. இங்கே கையை நீட்டி மறிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் நிறுத்தத்தில் யாரும் இல்லாவிட்டாலும் பேருந்து நிற்கும், நிறையப் பேர் இருந்தால்தான் நிற்காது. அடுத்த பேருந்துக்கு இரண்டு கையையும் நீட்டினேன். இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு உரக்க நன்றி சொன்னார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. நானும் சொன்னேன். கண்ணாடியில் அவர் தலையசைத்தார்.

ஓடைக்கரையில் மேரே நின்றிருந்தார். மாவோரிப் பெண், மீன் ஆய்வாளர், நாற்பது வயதிருக்கும். ஒரு வருடம் எனக்கு மின்னஞ்சலில் மட்டும் தெரிந்தவர். என் முதல் வரைபடத்தை, "எங்கள் மீன்கள் குதிப்பதில்லை" என்ற ஒரே வரியோடு திருப்பி அனுப்பியவர். சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் துள்ளி ஏறும். அதை மனதில் வைத்துப் படிப்படியான சிறு குட்டைகள் வரைந்திருந்தேன். இங்குள்ள குஞ்சுகள் விரலின் பாதி நீளம், கண்ணாடிபோல உடம்பு. வசந்த காலத்தில், இங்கே அது புரட்டாசியில், கடலிலிருந்து கூட்டமாக ஓடைகளுக்குள் வரும். சில நீந்தும், சில ஈரமான பாறையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஊர்ந்து ஏறும். துள்ளத் தெரியாது.

"உன் ஸ்டீல்ஹெட்டின் உறவுக்காரர்களை எப்போதோ கொண்டுவந்து எங்கள் ஆறுகளில் விட்டார்கள்," என்றார் மேரே, கை குலுக்கியபடி. "எங்கள் குஞ்சுகளைத் தின்று கொழுப்பவர்கள் அவர்கள்தான். அதனால் நீ எனக்குக் கொஞ்சம் கடன்பட்டவள்."

சிரித்துக்கொண்டே கீழே இறங்கினோம். சாலைக்கு அடியில் ஓடை ஒரு கான்கிரீட் குழாய்க்குள் போகிறது. முன்பு குழாயின் வாய், கீழே உள்ள குட்டைக்கு மேல் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அங்கே வந்து நின்றுவிடும். மேலே கிலோமீட்டர் கணக்கில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் காலியாகக் கிடந்தன. நான் வரைந்தது இரண்டு பகுதி. வாய் வரை ஏற ஒரு கல் சரிவு. குழாய்க்குள் நீளத்துக்கும் போட்ட சிலும்பு நிறைந்த தடித்த கயிறுகள், கடலில் சிப்பி வளர்க்கும் பண்ணைகளில் பயன்படுத்துபவை. கயிற்றின் ஓரத்தில் தண்ணீரின் வேகம் குறையும். குஞ்சு அதைப் பிடித்து, ஓய்வெடுத்து, பிடித்து மேலே போகும்.

சரிவு இருந்தது. என் சரிவு. ஒவ்வொரு கல்லும் நான் குறித்த கோணத்தில். பிறகுதான் அது வெள்ளையாக இருப்பதைப் பார்த்தேன். பாசி இல்லை. கரையில் புல் இல்லை. குழாய்க்குள் டார்ச் அடித்தேன். ஒரு கயிறும் இல்லை. கழுவிவிட்ட கல்யாண மண்டபம்போல இருந்தது.

நான் சிவா அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, பைப்புக்குள்ள இருந்த கயிறெல்லாம் எங்கீங்க?"

"அந்தப் பழசுகளோ? குப்பை சிக்கித் தொங்கிக்கொண்டு கிடந்தது. முழுக்க அவிட்டு எறிஞ்சாச்சு தங்கச்சி. போன சனிக்கிழமை கோயில் ஆக்கள் இருவது பேர் வந்து சிரமதானம் செய்தனாங்கள். கல்லெல்லாம் தும்புத்தடியால உரஞ்சினது. பாத்தியளே, எப்பிடி இருக்கு?"

"அண்ணா, அது வந்துங்க..." என்று இழுத்தேன். அந்த இழுவையில் அவருக்கே புரிந்துவிட்டது.

"எறிஞ்சிருக்கக் கூடாதோ?"

"கூடாதுங்கண்ணா" என்றேன். "அதுலதான் மீன் ஏறணும்."

குப்பை லாரி புதன்கிழமையே எடுத்துப் போய்விட்டிருந்தது. அவர்கள் மேல் தவறு சொல்லவும் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து பொறியாளர் வருகிறார் என்றால் இடத்தைத் துப்புரவாக வைப்பதுதான் மரியாதை. என் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். விவரம் தெரிந்த குழுத் தலைவர் லாரன்ஸ் அங்கிள் அந்த வாரம் வெலிங்டனில் மகள் வீட்டில் இருந்தார்.

மேரே என்னை ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனார். பலகையில் முதல் வரியே அந்தக் குஞ்சுகளை முட்டையில் போட்டுச் சுடும் அடை. எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு தம்பதி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "போன வருடத்தை விடச் சின்னதாக இருக்கிறது" என்றார் கணவர். "மீனா, அடையா?" என்றார் மனைவி. "இரண்டும்."

மேரே எங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினார். "நானும் நிறையத் தின்றவள்தான். இப்போது எண்ணுவதோடு சரி." பிறகு நிலைமையைச் சொன்னார். இதே ஓடையில் மேலே இன்னும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் சரிவும் கயிறும் போடுவதா என்று செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். முதல் குழாய்க்கு மேலே குஞ்சு வந்திருக்கிறது என்று காட்டினால் சரி என்பார்கள். காட்டாவிட்டால் பணம் வேறு வேலைக்குப் போகும்.

"அடுத்த வருடம் கேட்கலாமா?"

"கேட்கலாம். இந்த வருடக் குஞ்சுகள் அதுவரை காத்திருக்காது." சிப்பிப் பண்ணைக் கயிறு விற்பவரிடம் அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். வந்து சேர அடுத்த வெள்ளியாகும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சிவா அண்ணன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வசந்தி அக்கா விடவில்லை.

"வீட்டில ஒரு கோப்பை கழுவமாட்டார். ஊர் ஓடையைக் கழுவப் போனவர்."

"அதுதான் சொல்லிப்போட்டனே, தெரியாமல் செய்தது எண்டு."

"தெரியாத வேலையைத்தான் வடிவாச் செய்வியள்."

நான் தேவையானதைப் பட்டியலிட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஆறுதல். கயிறு நீளமாக இருக்க வேண்டும். சிலும்பு சிலும்பாக நார் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நனைந்தால் கீழே படிய வேண்டும். எண்ணெயோ ரசாயனமோ படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்க வேண்டும்.

"தும்புக் கயிறு சரிவராதோ?" என்றார் அக்கா.

"தேங்காய் நார்க் கயிறுங்களா? பொள்ளாச்சிக்காரிங்க நான். எங்களுக்கு அதுதான் தொழிலே. நல்லாவே சரிவரும். ஒரு வருசம் ரெண்டு வருசத்துல இத்துப் போகும், அதுக்குள்ள வேற மாத்திக்கலாம். ஆனா அவ்வளவு தடிமன்ல இங்க எங்கீங்க கிடைக்கும்?"

அக்கா கணவரைப் பார்த்தார். "இஞ்சையப்பா, பென்ரோஸில கிடக்கிற அந்தப் பழைய வடம்?"

சிவா அண்ணன் நிமிர்ந்தார். "அது சாமின்ர சாமான்."

கோயிலுக்கு ஒரு சிறிய தேர் உண்டு. அதை இழுக்க ஊரிலிருந்து தருவித்த தேங்காய் நார் வடம் தேய்ந்ததால் புதிது மாற்றியிருக்கிறார்கள். பழையதைக் குப்பையில் போட முடியாது. சாமியை இழுத்தது. எரிக்கவும் மனமில்லை. இப்படிப்பட்டதை ஓடும் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். ஆனால் இந்த நாட்டில் ஆற்றில் எதையும் எறிய முடியாது, அபராதம் வரும். அதனால் பென்ரோஸில் ஒரு பக்தருடைய கிடங்கின் மூலையில், தேரோடு சேர்த்துச் சில வருடங்களாகச் சுருண்டு கிடக்கிறது. ஒவ்வொரு நிர்வாகக் கூட்டத்திலும் அதைப் பற்றிக் கதைத்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவார்களாம்.

இதைச் சொல்லி முடித்த சிவா அண்ணன் வாயைத் திறந்தபடி இருந்தார். வசந்தி அக்கா தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தார். நான் மேரேக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: நாட்டுக்குள் வந்தபோது புகையூட்டிப் பூச்சி நீக்கியதா? நீக்கிய சான்று கிடங்கில் வடத்தோடே இருந்தது. அதையும் எறிய யாருக்கும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். புரட்டாதிச் சனி, நவக்கிரகத்தின் முன் எள்ளெண்ணெய்ச் சட்டிகள் வரிசையாக எரிந்தன. கோவையில் நான் போகும் கோயிலில் தள்ளுவார்கள். இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளினார்கள். எங்கள் கோரிக்கையை ஐயர் முழுக்கக் கேட்டார். அருகில் இருந்த ஒருவர், "மீன் ஏறுறதுக்கோ, சாமின்ர வடத்தை?" என்றார். அவருக்குச் சரியாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது.

ஐயர் என்னைப் பார்த்து, "பிள்ளை, அது ஓடுற தண்ணியோ, தேங்கின தண்ணியோ?" என்றார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு தயாராக இருந்த கேள்வி வேறு இல்லை. "ஓடுற தண்ணிங்க ஐயா. கோடையிலயும் நிக்காது. மழைக்காலத்து வேகம், வெயில் காலத்து வேகம் ரெண்டும் கணக்குப் போட்டிருக்கேன். கடைசியா கடல்ல போய்ச் சேருது."

"அப்ப விடவேண்டிய இடத்திலதானே விடுறியள்," என்றார். அருகில் இருந்தவரிடம் திரும்பினார். "முதலாவது அவதாரமே என்ன எண்டு யோசியுங்கோ." அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "வான் கொண்டு வந்தனியளோ?" என்று கேட்டார், வேனைத்தான்.

வடத்தின் எடையை நான் தவறாக மதிப்பிட்டிருந்தேன். பென்ரோஸ் கிடங்கில் அதை நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். சிவா அண்ணனின் வேனில் பின்கதவு மூடவில்லை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்ற லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, "நண்பா, உன் பாம்பு தப்பிக்கப் பார்க்கிறது" என்றார். சிவா அண்ணன் மிக நிதானமாக, "அது கோயில் பாம்பு, ஒன்றும் செய்யாது" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான்.

அப்படியே போட முடியாத தடிமன். கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துப் பிரித்தோம். மூன்று பெரும் புரிகள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரலை விடப் பருமன், உடம்பெல்லாம் சிலும்பு. நான் நினைத்ததைவிட நல்ல கயிறு. முறுக்கைக் கழற்றக் கோயிலிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். சிரமதானத்தில் கல்லைத் தேய்த்தவர்களும் அவர்களே. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு பலகாரம் கொண்டு வந்தார்கள். முறுக்கு, பயற்றம் பணியாரம், ஒரு டப்பா நிறைய வடை. மன்னிப்பு அந்த அளவில் வந்ததால் எனக்கு மறுக்க வழியில்லை.

புது நார்க் கயிறு தண்ணீரில் சாயம் விடும். பழையதும் கொஞ்சம் விடும் என்பதால் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும் என்றேன். வீட்டில் அந்த அளவுக்கு இருந்த ஒரே பாத்திரம் குளியல் தொட்டி. ஞாயிறு காலை தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. சிவா அண்ணன் குளிக்காமல் துண்டோடு கதவருகே நின்றார்.

"நான் எங்க குளிக்கிறது?"

"ஓடையில," என்றார் வசந்தி அக்கா. "அங்கதான் இப்ப நல்ல துப்புரவா இருக்கே."

வெலிங்டனிலிருந்து லாரன்ஸ் அங்கிள் நேரே ஓடைக்கு வந்துவிட்டார். மலேசியாவில் ஈப்போ அவருக்கு ஊர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "பசியாறிட்டீங்களா மா?" என்பதுதான் என்னிடம் முதல் கேள்வி. பிறகு வெள்ளைக் கல் சரிவைப் பார்த்தார். "ஐயோ சிவா, மொட்டை அடிச்சு விட்டுட்டீங்களே."

"திரும்ப முளைக்கும் அங்கிள்," என்றார் சிவா அண்ணன்.

"முளைக்கும். உங்களுக்குத்தான் முளைக்காது."

சிவா அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். வந்திருந்த எல்லோரும் சிரித்ததில் அவருடைய முகமும் தெளிந்தது.

பாசிக்கு ஒரு வழி இருந்தது. மேல் ஓடையிலிருந்து பாசி படிந்த சிறு கற்களைக் கூடையில் எடுத்து வந்து சரிவின் இடுக்குகளில் பதித்தோம். அடுத்தது கயிறு. ஒரு பிளாஸ்டிக் புட்டியில் மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டிக் குழாயின் மேல் முனையில் விட்டேன். தண்ணீர் அதை இருட்டுக்குள் கொண்டுபோய்க் கீழே லாரன்ஸ் அங்கிளின் கையில் சேர்த்தது. நைலான் கயிற்றின் பின்னால் புரியைக் கட்டினோம். மேலே நான் விட்டுக்கொடுக்க, கீழே குட்டையின் கரையில் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நின்று இழுக்க வேண்டும்.

முதல் இழுப்பில் நகரவில்லை. நனைந்த நார் கான்கிரீட்டைக் கவ்வியது. சரியான கயிறுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கீழே ஒருவர் "அரோகரா" என்றார். வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை. கையில் வடமும் எதிரே கனமும் இருந்தால் வாய் தானாகச் சொல்லும் போலிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து சொல்ல, கயிறு என் கையை உரசிக்கொண்டு ஓடியது. சாலையில் நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று மேரேயிடம் விசாரித்தார். "மீன்களுக்காகத் தேர் இழுக்கிறார்கள்" என்றார் மேரே. அவர் நாயைக் கம்பியில் கட்டிவிட்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

லாரன்ஸ் அங்கிள் கயிற்றைப் பிடித்தபடி, "நான் மாதா கோயில் ஆளு மா. அறுபத்தேழு வயசுல தேர் இழுக்க விட்டாங்க," என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. விட மறுத்தார்.

பழைய கொக்கிகள் குழாயின் மேல் முனையில் அப்படியே இருந்தன. சிவா அண்ணன் ஒவ்வொரு முடிச்சையும் தானே போட்டார். சரக்குக் கிடங்கில் கட்டும் முடிச்சு. நான் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை மேரே கீழே, சதுப்பு மரங்கள் தொடங்கும் இடத்தில் வலை போட்டு ஒரு வாளிக் குஞ்சுகளைப் பிடித்தார். நான் வாளிக்குள் குனிந்தேன். தண்ணீரில் கண்கள் மட்டும் நீந்துவதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் கண்களுக்குப் பின்னால் ஓர் உடம்பு. மூன்று வருடம் நான் அம்புக்குறியாக வரைந்தவை இவற்றைப் போன்ற குஞ்சுகளைத்தான்.

கீழே விட்டது எது, மேலே ஏற்கெனவே இருந்தது எது என்று பிரித்தறிய, தீங்கில்லாத சாயத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். குஞ்சுகள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகின. எட்டிப் பார்த்த வசந்தி அக்கா, "சாமத்தியத் தண்ணி வாத்த மாதிரி நிக்கினம்," என்றார். பெண்கள் சிரித்தார்கள். மேரேக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பூப்பு நீராட்டு, மஞ்சள், விருந்து என்று விளக்கினேன். "அப்படியானால் இன்றைக்கு இவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும்" என்றார் மேரே. சரிவின் அடியில் அவற்றை விட்டோம். குழாயின் மேல் முனைக்கு அப்பால் நுண்ணிய வலைப் பை ஒன்றைக் கட்டினோம். இனி அவற்றின் பாடு.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை பக்கவாட்டில் பெய்கிறது. குடையைத் திறந்தவர்கள் எல்லோரும் அதைத் திருப்பி மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேரே அனுப்பிய செய்தியில், மழை வந்தால் குஞ்சுகளுக்கு மேலே போகும் எண்ணம் வரும் என்று இருந்தது. அதற்குக் கீழே, ஆனால் கயிறு பிடிக்க வேண்டும் என்று இன்னொரு வரி. என் கணக்கில் இந்த அளவு மழை உண்டு. கயிற்றின் ஓரத்தில் வேகம் எவ்வளவு குறையும் என்று எண் வைத்திருந்தேன். அந்த எண் சிப்பிப் பண்ணைக் கயிற்றுக்கு. தேர்வடத்துக்கு யாரும் கணக்குப் போட்டதில்லை.

செவ்வாய் காலை மூவரும் வேனில் ஓடைக்குப் போனோம். சிவா அண்ணன் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். வசந்தி அக்கா பின்னால் உட்கார்ந்து, தேநீர்க் குடுவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஓடை கலங்கிப் பெருகியிருந்தது. நான் முதலில் கொக்கிகளைப் பார்த்தேன். முடிச்சுகள் அப்படியே. டார்ச்சை உள்ளே அடித்தேன். மூன்று புரிகளும் தரையில் படிந்து, அவற்றின் ஓரமெல்லாம் தண்ணீர் சுழித்து, தயங்கி, மெதுவாகப் போனது. நடுவில் வெள்ளம் விரைந்தது. கயிற்றின் நிழலில் மட்டும் வேறொரு சிறிய, அமைதியான ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

மேரே இடுப்பளவு ரப்பர் உடையில் இறங்கி வலைப் பையை எடுத்தார். வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். இலை, சேறு, ஒரு தண்ணீர்ப் பூச்சி. விரலால் இலையை ஒதுக்கினார். ஒன்று நெளிந்தது. சாயம் இல்லாதது. இன்னும் ஒதுக்கினார்.

மஞ்சள்.

அதன் பக்கத்தில் இன்னொரு மஞ்சள். அப்புறம் தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டம். மேரே தன் மொழியில் ஏதோ சொன்னார், குஞ்சுகளிடம். பிறகு ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கினார். நான் எதையும் எண்ணாமல் விடுகிறவள் இல்லை. அன்று எண்ணவில்லை. தட்டுக்கு மேலே குனிந்திருந்தேன். என் கண்ணாடியில் தண்ணீர் சொட்டியது மழையாலா என்று யாரும் கேட்கவில்லை.

"ஏறிட்டினமோ?" என்றார் சிவா அண்ணன் கரையிலிருந்து. இறங்கி வர அவருக்குத் துணிவில்லை.

"ஏறிட்டாங்கண்ணா. வந்து பாருங்க."

அவர் ஷூவோடு தண்ணீரில் இறங்கி வந்தார். தட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தளவு சாமானோ," என்றார். "இந்தளவு சாமான் இந்த வெள்ளத்தில..." தட்டை மேல் ஓடையின் ஓரத்தில், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் நிழலில், அவரே சரித்து விட்டார். மஞ்சள் கோடுகள் ஒரு நொடி நின்று, இலைகளுக்கு அடியில் போய் மறைந்தன.

அன்று பிற்பகல் கூட்டத்திலிருந்து மேரே அனுப்பிய செய்தி: "இரண்டு குழாய்க்கும் சரி. கயிறு எந்தக் கடையில் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

புதன்கிழமை விமான நிலையம் போகும் வழியில் சிவா அண்ணன் ஓடையருகே வேனை நிறுத்தினார். வேலியில் ஒரு புதிய பலகை இருந்தது. முந்தைய நாள் இரவு அவரே எழுதி, வசந்தி அக்கா எழுத்துத் திருத்தி, லாரன்ஸ் அங்கிள் ஆணி அடித்தது. மேலே ஆங்கிலம், கீழே தமிழ்:

"தயவுசெய்து இங்கே எதையும் துப்புரவாக்க வேண்டாம். ஆட்கள் ஏறுகிறார்கள்."

"மீன்கள்னு போட்டிருக்கலாமேண்ணா" என்றேன்.

"சாமின்ர வடத்தில ஏறுறவை," என்றார் அவர், கியரை மாற்றியபடி. "மரியாதையா எழுதோணும்."

என் பூட்ஸ் பெட்டிக்குள் இருந்தது. ஒன்றின் அடிப்பள்ளங்களில் இன்னும் அந்த ஓடையின் சேறு. கோவை விமான நிலையத்தில் அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் முந்தைய நாள் மாலை கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷால் ஒரு பூட்ஸைத் தேய்த்து முடித்தேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோது வசந்தி அக்கா பிரஷை வாங்கிக்கொண்டார். "காணும் பிள்ளை, போதும்," என்றார். "இந்த வீட்டில கழுவினதெல்லாம் காணும்."